உதவி: பார்சல் டப்பா, பேப்பர் கப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் ‘சான்று இல்லை’ பட்டை வருகிறது

கெடிலக்கரைப் பெண்:

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்பத்துக்கு டிஸ்போசபிள் சாமான் மொத்த வியாபாரம். பேப்பர் கப், பாக்கு மட்டைத் தட்டு, சில்வர் ஃபாயில் டப்பா, சாம்பார் டப்பா, பஃபே தட்டு, ரோல் இலை என்று டீக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிற எல்லாம் எங்களிடம் உண்டு. இந்தப் பொருட்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு முழுமையான கட்டுரை எழுத ஆரம்பித்திருக்கிறேன், இதுதான் என் முதல் கட்டுரை. நிறைய எழுதிவிட்டேன், ஆனால் மேலே ‘சான்றுகள் இல்லை’, ‘விளம்பர நடை’ என்று இரண்டு பட்டைகள் வந்திருக்கின்றன. குறிப்பாக மூன்று வாக்கியங்களைக் காட்டியிருக்கிறார்கள்.

“பாக்கு மட்டைத் தட்டு முழுக்க இயற்கையானது, உடலுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது.”
“பேப்பர் கப் காகிதம் என்பதால் எளிதில் மக்கிவிடும்.”
“பிளாஸ்டிக் தட்டுகள் இந்தியாவில் 2019-இல் தடை செய்யப்பட்டன.”

இந்த மூன்றையும் எப்படிச் சரிசெய்வது? கடையில் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிற பொருளுக்கு எங்கே போய்ச் சான்று தேடுவது? கட்டுரையைப் பொருள்வாரியாகப் பிரிப்பதா, தட்டு, கப், டப்பா என்று வடிவத்தை வைத்துப் பிரிப்பதா என்பதும் தெரியவில்லை. கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

முத்தியால்பேட்டை அண்ணன்:

வாங்க தங்கச்சி. முதலில் ஒன்று செய்துவிடுங்கள்: கட்டுரையை உங்கள் மணல்தொட்டிக்கு, அதாவது எழுதிப் பழகுவதற்கான உங்கள் சொந்தப் பக்கத்துக்கு மாற்றி அங்கே வைத்து வேலை பாருங்கள், பட்டையைப் பற்றிய கவலை இருக்காது. இன்னொன்று, உங்கள் குடும்பம் இந்தப் பொருளைத்தான் விற்கிறது என்று பயனர் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். நல முரண், அதாவது எழுதுகிற விஷயத்தில் சொந்த ஆதாயம் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. சொல்லிவிட்டால் உங்கள்மேல் மற்றவர்களுக்கு நம்பிக்கைதான் கூடும்.

பிரிப்பதைப் பற்றி: மூலப்பொருளை வைத்துப் பிரியுங்கள். சூடு தாங்குமா, எண்ணெய் ஊறுமா, மக்குமா, சட்டம் அனுமதிக்கிறதா என்று வாசகர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அது எதனால் ஆனது என்பதில்தான் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு டப்பாவில் ஒன்று பாலிப்ரொப்பிலீன், இன்னொன்று பாலிஸ்டைரீன், இரண்டும் வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக். முன்னது சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை உருகாது, அதனால் கொதிக்கிற ரசம் ஊற்றலாம், பின்னது 100 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும். சோளமாவிலிருந்து செய்கிற பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே நெகிழும், அதனால்தான் அந்த கப்பில் பெரும்பாலும் ஜூஸ், மோர் மட்டும் தருகிறார்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறது, 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். அது ‘மறுசுழற்சி ஆகும்’ என்ற உத்தரவாதம் இல்லை, இதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள், நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து பேப்பர் கப். வெறும் காகிதம் டீயைத் தாங்காது, உள்பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு மக்காது, காகித ஆலையிலும் சாதாரணக் காகிதத்தோடு போட்டுக் கூழாக்க முடியாது, பூச்சைப் பிரித்தெடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் இந்த கப்பில் வைத்திருந்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்ததாகக் கண்டார்கள். இப்படி எழுதும்போது சூடு, அளவு, நேரம் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ‘பேப்பர் கப்பில் பிளாஸ்டிக் கலக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் திரும்பவும் பட்டை போடுவார்கள், அது நியாயமும்கூட.

கெடிலக்கரைப் பெண்:

மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் பாக்கு மட்டையும் கரும்புச் சக்கைத் தட்டும்? அவற்றில் பூச்சு எதுவும் இல்லை என்றுதான் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் சொல்கிறார்கள்.

நெல்லிக்குப்பத்துப் பெரியவர்:

அம்மா, சக்கையைப் பற்றி நான் சொல்கிறேன், ஆலை வேலையிலேயே காலம் போனவன். எங்கள் ஊர் ஆலை 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது, சக்கை எங்களுக்குப் புதிதில்லை. கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நார்தான் சக்கை. அதில் பெரும்பகுதி ஆலையின் கொதிகலனிலேயே எரிபொருளாகப் போகும், நீராவியும் மின்சாரமும் அதிலிருந்துதான். ஒரு பகுதி காகிதத்துக்குப் போகும், கரூர் பக்கம் புகளூரில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து காகிதம் செய்வது ஊரறிந்த விஷயம். தட்டு செய்வதற்குச் சக்கையைக் கூழாக்கி, அச்சில் நீரை உறிஞ்சி, சூடான அச்சால் அழுத்துகிறார்கள். ஆகவே ‘கழிவிலிருந்து செய்தது’ என்று எழுதினாலும், அந்தக் கழிவுக்கு வேறு பயன் ஏற்கெனவே இருந்தது என்பதையும் ஒரு வரி எழுது அம்மா. அப்போதுதான் கட்டுரை முழுமையாக இருக்கும்.

பூச்சு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயும் குழம்பும் ஊறாமல் இருக்க ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருட்களைக் கூழிலேயே கலக்கிற வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அவை எளிதில் சிதையாதவை. டென்மார்க் 2020-இல் உணவுக்கான காகிதம், அட்டையில் அவற்றைத் தடை செய்தது. என் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற தட்டு என்பதால் நான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

முத்தியால்பேட்டை அண்ணன்:

ஐயா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கு மட்டையைப் பொறுத்தவரை, தானாக உதிர்ந்த மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்துவதுதான் செய்முறை, பசை சேர்ப்பதில்லை. ஆனால் ‘எந்தக் கெடுதலும் செய்யாது’ என்பதை எடுத்துவிட வேண்டும். 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டையில் உள்ள அல்கலாய்டுகள் என்ற இயற்கை வேதிப்பொருட்கள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி, அந்தத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த அங்கே அனுமதி இல்லை என அறிவித்தது. நம் ஊர்ப் பொருளைப் பற்றி இப்படி எழுத மனசு வராது, எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் கட்டுரையில் இருக்க வேண்டும். யார் சொன்னது, எந்த ஆண்டு, எந்த நாட்டில் என்று மட்டும் எழுதுங்கள், நம் தீர்ப்பு வேண்டாம்.

வாழை இலை, தொன்னை, மந்தாரை இலையில் தைக்கிற தையல் இலை இவற்றுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். ஒருமுறை பயன்படுத்திப் போடுகிற உணவுக்கலம் என்றால் நம்மிடம் அவைதான் முதலில் வந்தன.

பாகூர் சட்ட மாணவன்:

அக்கா, மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து தமிழ்நாட்டுக் கடலூருக்குப் போனால் எல்லை தாண்டியதும் சட்டமே மாறிவிடும், அதனால் ‘இந்தியாவில்’ என்று ஒரே வரியில் முடிக்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது தமிழ்நாட்டு அரசின் தடை. அறிவிப்பு 2018 ஜூனில். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாள் இவற்றோடு பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும்கூட இருக்கின்றன. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல், அதற்கான விதி 2021 ஆகஸ்ட் 12-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கரண்டி, முள்கரண்டி, ஸ்ட்ரா, ஸ்வீட் பாக்ஸ் மேல் சுற்றுகிற மெல்லிய தாள் எல்லாம் உண்டு, பேப்பர் கப் இல்லை. இந்த வேறுபாடுதான் கட்டுரையில் ரொம்ப முக்கியம்.

தமிழ்நாட்டுத் தடையை எதிர்த்து தமிழ்நாடு, புதுச்சேரி காகிதக் குவளைத் தயாரிப்பாளர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 அக்டோபரில் பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது, நெய்யாத துணிப் பைகள் விஷயத்தை மட்டும் மறுபரிசீலனைக்கு அனுப்பினார்கள். சான்றுக்கு அரசிதழ் அறிவிப்பையும் தீர்ப்பையும் நேராகக் கொடுங்கள், செய்தித்தாள் வெட்டை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம், பஜ்ஜி கட்டித் தருகிற செய்தித்தாளையும் விட்டுவிடாதீர்கள். உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பொதிவு ஒழுங்குமுறை சொல்கிறது.

கெடிலக்கரைப் பெண்:

தம்பி, பெரியவர், அண்ணா, மூவருக்கும் நன்றி. மூன்று வாக்கியங்களையும் இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்.

“பாக்கு மட்டைத் தட்டுகள் உதிர்ந்த மட்டைகளைச் சூடான அச்சில் அழுத்திச் செய்யப்படுகின்றன. 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவற்றை உணவுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை என அறிவித்தது.”
“பேப்பர் கப்பின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் பூச்சு உள்ளது. இப்பூச்சு மக்குவதில்லை.”
“பிளாஸ்டிக் தட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், இந்தியா முழுவதும் 2022 ஜூலை முதலும் தடை உள்ளது.”

கடைசியாக ஒன்று: கடையில் நானே எடுத்த படங்களைப் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கிற பொதுவகத்தில் ஏற்றலாமா?

முத்தியால்பேட்டை அண்ணன்:

மூன்றும் சரியாக இருக்கின்றன. இரண்டாவதில் பி.எல்.ஏ. பூச்சுள்ள கப்பும் உண்டு என்பதால் ‘பெரும்பாலான பேப்பர் கப்’ என்று ஆரம்பியுங்கள். படம் தாராளமாக ஏற்றலாம், நீங்கள் எடுத்த படத்தைக் யாரும் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற உரிமத்தில் நீங்களே தரலாம். வெறும் தட்டு, கப், டப்பா என்றால் சிக்கல் இல்லை. நிறுவனத்தின் ஓவியம் அச்சடித்த கப், கடைப் பெயர்ப் பலகை இரண்டையும் தவிருங்கள். ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு, பலகை இருந்தால் மறுபடியும் விளம்பரம் என்பார்கள். தட்டை வெள்ளைத் துணி மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள், டப்பாவின் அடிப்பக்க எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுங்கள். சான்றுகளை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இணைத்துவிட்டுப் கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதினால், பட்டையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.