முட்டை விமானம் (முட்டைபோல உருண்டையாகச் சுருக்கிய பிளாஸ்டிக் விமான மாடல்) கட்டியவர்களே, மறக்க முடியாத அந்த ஒரு தருணத்தை எழுதுங்கள்

நீலவால்:
ஜப்பானிய மாடல் நிறுவனமான ஹசேகாவாவின் முட்டை வடிவ ஃபான்டம் போர் விமானம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, உப்புத்தாள் போட்டு, இறக்கைகளையும் பொருத்தியாகிவிட்டது. அதுவரை கையில் இருந்தது வெறும் உருண்டை. பிறகு வாலின் இருபக்கமும் வரும் சிறு இறக்கைகளான கிடைவால் இரண்டையும் செருகினேன். கீழ்நோக்கிச் சரிந்து நின்றன. அந்த நொடியே அது ஃபான்டம் ஆகிவிட்டது! உண்மையான எஃப்-4 விமானத்தில் கிடைவால் 23 பாகை கீழே சாய்ந்திருக்கும். இறக்கையின் வெளிப்பகுதி 12 பாகை மேலே தூக்கியிருக்கும். நீளத்தைச் சுருக்கி, மூக்கை அமுக்கி, எல்லாவற்றையும் மாற்றிய வடிவமைப்பாளர் இந்தச் சாய்வில் கை வைக்கவில்லை. எதை எடுத்தால் ஃபான்டம் ஃபான்டமாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அந்த வாலைத்தான் பார்க்கிறேன்.

மூக்குச்சக்கரம்:
எனக்கு எஃப்-15 போர் விமானம். மூக்கில் ஈயத் துண்டுகளை அடைத்துத்தான் மூடியிருந்தேன். வண்ணம், டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) எல்லாம் முடித்து மேசையில் நிறுத்தினேன். நின்றது. கையை எடுத்துத் திரும்புவதற்குள் மூக்கு மெல்ல மேலே எழுந்து, வால் மேசையில் உட்கார்ந்துவிட்டது. அந்த மெதுவான எழுச்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

காரணம் இதுதான். மூக்கில் வைக்கும் எடை எவ்வளவு வேலை செய்யும் என்பது, பின்சக்கரங்களிலிருந்து அது எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீண்ட மாடலில் அந்தத் தூரம் தாராளமாகக் கிடைக்கும். முட்டை விமானத்தில் மூக்கு பின்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே, ஒட்டுவதற்கு முன்பே எல்லாப் பாகங்களையும் டேப் போட்டுச் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். முன்னால் விழும்வரை எடையைக் கூட்டுங்கள். விமானி இருக்கையின் அடியிலும் இடம் உண்டு, ஆனால் நுனியில் வைக்கும் எடைக்குத்தான் பலன் அதிகம். முட்டை விமானம் எதுவானாலும் எடை இல்லாமல் மூடாதீர்கள்.

குட்டிமஸ்டாங்:
எதுவானாலும் என்பதை ஏற்க முடியாது. மஸ்டாங் வாலடியில் சிறு சக்கரம் கொண்ட பழைய போர் விமானம். வால் தரையில் இருப்பதுதான் அதன் இயல்பு. அதற்கு எடை எதற்கு? இன்னொன்று, குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஈயம் வேண்டவே வேண்டாம். சிறு எஃகுக் குண்டுகள் போதும்.

நானும் அக்கா மகளும் கட்டியது மெங் என்ற மாடல் நிறுவனத்தின் ‘கிட்ஸ்’ வரிசை மஸ்டாங். பசை வேண்டாம், நிறம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. இறக்கை ‘டக்’ என்று பூட்டிக்கொண்டதும் அவள் வயிற்றுப்பக்கம் திருப்பி, “சித்தி, இந்த வாய் எதுக்கு?” என்று கேட்டாள். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி என்றேன். விரலை அதன்மேல் வைத்து, காற்று வருகிறதா என்று பார்த்தாள்!

டெக்கால்தாள்:
எனக்கு நினைவில் நிற்பது, உருண்ட மூக்கில் சுறா வாய் டெக்கால் கடைசியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் படிந்த காட்சி. அதை எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டையான படலம் இரண்டு திசையிலும் வளையும் பரப்பில் தானாகப் படியாது. முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காய விடுங்கள். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். டெக்காலின் ஓரத்தில், படம் இல்லாத இடங்களில், சின்னச் சின்னக் கீறல்கள் போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, தாளிலிருந்து நகர்த்தி வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சுக் குச்சியால் நீரை ஒற்றி எடுங்கள். பிறகு மென்மையாக்கும் திரவம். அதைத் தடவியதும் டெக்கால் பயங்கரமாகச் சுருங்கும். அப்போது தொடவே கூடாது! காயும்போது தானே இழுத்துக்கொண்டு படியும். தேவையானால் மறுபடி ஒரு பூச்சு. விமானியின் கண்ணாடி மூடிக்கு உடனடிப் பசை வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும்.

நடுத்தையல்:
இவ்வளவு உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு இடம் உண்டு. ஒரு கண்காட்சியில் என் முட்டை வடிவ டாம்கேட் போர் விமானத்தைப் பெரியவர்கள் மேசையில் வைத்திருந்தேன். உடலின் இரு பாதிகளும் சேரும் நடுத்தையல் தெரியாமல் புட்டி வைத்துத் தேய்த்து, சக்கரக் குழிகளுக்கும் தனி வண்ணம் கொடுத்திருந்தேன். ஒருங்கிணைப்பாளர் அதை எடுத்து, ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல், குழந்தைகள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். உருவம் விளையாட்டாக இருந்தால் வேலையும் விளையாட்டு ஆகிவிடுமா? நான் திரும்ப எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். குட்டிமஸ்டாங், உங்கள் அக்கா மகள் செய்ததைத்தான் அவரும் செய்திருக்க வேண்டும்: திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

மூக்குச்சக்கரம்:
மஸ்டாங் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃகுக் குண்டு போதும் என்பவர்கள் கவனிக்க: அதே எடைக்கு எஃகு ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். எஃப்-15 மூக்கில் அந்த இடம் கிடையாது. டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தூள் கலந்த புட்டி கிடைத்தால் வாங்குங்கள். அது ஈயத்தைவிட நச்சு குறைந்தது, விரும்பிய வடிவில் பிசைந்து நுனிவரை அடைக்கலாம்.