அப்பாவுக்கு ஐவிஐஜி (நரம்பு வழியா ஏத்துற இம்யூனோகுளோபுலின், அதாவது நோய் எதிர்ப்புப் புரதம்) ஏத்தணும், மும்பைல யாருக்காவது போட்டிருக்காங்களா?

செம்பூர்ல இருக்கோம். அப்பாவுக்கு 68 வயசு, பல்லு புடுங்கின எடத்துல ரத்தம் நிக்கவே இல்ல, தலகாணி உறையெல்லாம் செவப்பு, டெஸ்ட் எடுத்தா அக்வயர்ட் வான் வில்லிபிராண்ட்ங்கிற ரத்தப்போக்கு நோயாம், பரம்பரையா வர்றது இல்ல, ஐஜிஜி எம்கஸ்னால (ரத்தத்துல ஒரே வகை எதிர்ப்புப் புரதம் வேண்டாம சேர்றது) ரத்தம் உறைய வைக்கிற புரதத்த உடம்பே காலி பண்ணுதாம். அடுத்து ஹெர்னியா ஆபரேஷன் இருக்கு, அதுக்கு முன்னாடி இம்யூனோகுளோபுலின் ஏத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார், கிலோவுக்கு 1 கிராம் வீதம் 2 நாள். அப்பா 60 கிலோ, அப்போ 5 கிராம் பாட்டில் மொத்தம் 24! வெலயக் கேட்டதுலேருந்து அம்மா வாயே தெறக்கல. அதுவும் பலன் சில வாரந்தானாம்.

ஏத்தினவங்க சொல்லுங்க, தலவலி ரொம்ப இருந்துச்சா, மெதுவா ஏத்துனா தாங்குமா, மும்பைல எங்க கொஞ்சம் கொறச்சு தருவாங்க, மெடிகிளெயிம் கெடச்சுதா? நாட்டு மருந்து அட்வைஸ் மட்டும் வேணாம் ப்ளீஸ்.