ஒரே செயலிக்கு மாறினோம், பழைய கருத்துகள் வரவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் குழுவில் 9 பேர். வேலைப் பட்டியலுக்கு ஒரு செயலி, குறிப்புகளுக்கு இன்னொன்று, கணக்குக்கு எக்செல் என்று 6 வருடம் ஓட்டினோம். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று 3 வாரம் முன்பு எல்லாம் சேர்ந்த ஒரு செயலிக்கு மாறினோம். பழைய செயலியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (வெறும் எழுத்தில் இருக்கும் அட்டவணை) எடுத்து ஏற்றிய 1,400 வேலைகளில்தான் சிக்கல்.

முதலில் தேதி. 03/04 என்று இருந்த ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிட்டது. 12-க்கு மேற்பட்ட நாட்கள் காலியாகவே வந்தன. 2024-04-03 என்ற வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஏற்றினேன், சரியாகிவிட்டது. தமிழ் எழுத்து உடைந்ததும் யூடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கம்) சேமித்தபின் தீர்ந்தது.

தீராதது கருத்துகள்தான். யார், ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்ற பேச்சு முழுக்க பழைய செயலியில் ஒவ்வொரு வேலையின் அடியிலும் எழுதிய கருத்துகளில்தான் இருக்கிறது. அதை இழக்க மனமில்லை. சிஎஸ்வியில் அது வரவே இல்லை. பழைய செயலி தரும் ஜேசன் கோப்பில் (தரவை அடுக்கடுக்காக வைக்கும் இன்னொரு வடிவம்) இருக்கிறது, ஆனால் புதிய செயலி ஜேசனை ஏற்பதில்லை. உதவி மையத்தில் கேட்டால் கையால் ஒட்டச் சொல்கிறார்கள். அப்புறம் ஏபிஐ வழியாக (நிரல் எழுதி நேரடியாகச் செயலிக்குள் தரவு அனுப்பும் வழி) 20 வேலைகளுக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் என் பெயரில், இன்றைய தேதியில் விழுகின்றன. பழைய சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

எழுதியவர் பெயரும் தேதியும் மாறாமல் கருத்துகளைக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?