சிவப்புக் கூட்டத்தில் நீலக் கோட்டு: சின்சினாட்டி அனுபவங்கள்

பாளையங்கோட்டைக்காரன்:

2011 ஆகஸ்டில் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிற சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். ஊரில் எல்லாரும் யூசி என்பார்கள். அப்போது எனக்குத் தெரிந்த பாஸ்கெட்பால், பள்ளி மைதானத்தில் வலை அறுந்துபோன வளையத்தில் நாங்கள் ஆடியதுதான். வந்த வாரமே ஆய்வகத்தில் ஒரு சீனியர் சொன்னார்: "இங்கே எந்த மேட்ச் தோற்றாலும் பரவாயில்லை. சேவியரிடம் மட்டும் தோற்கக் கூடாது."

சேவியர் பல்கலைக்கழகம் எங்களிடமிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் போகிற தூரம்தான். கத்தோலிக்க ஆயர் ஒருவர் 1831-இல் தொடங்கி, 1840-இல் இயேசு சபைக்காரர்கள் கைக்கு வந்த பள்ளிக்கூடம் அதன் மூலம். மாணவர் எண்ணிக்கையில் யூசி அதைப் போலப் பல மடங்கு பெரியது. ஆனால் கோர்ட்டில் இறங்குவது இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர்தானே. 1928-இல் முதல் ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். இந்த மோதலுக்கு 'கிராஸ்டவுன் ஷூட்அவுட்' என்று பெயர்.

நான் பார்த்த முதல் ஷூட்அவுட் 2011 டிசம்பர் 10. கிளிஃப்டனில் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தோம். ஆட்டம் சேவியரின் அரங்கில். 76-53 என்று நாங்கள் சுருண்டுகொண்டிருந்தோம். இன்னும் பத்து விநாடிகூட இல்லை, அறை நண்பன் சேனல் மாற்ற ரிமோட்டை எடுத்தான். அந்த நேரம் பார்த்து இரண்டு பக்கமும் வாய்ச்சண்டை முற்றி, கைகலப்பாகி, குத்து வாங்கிய ஒருவர் கண்ணுக்குக் கீழே ரத்தத்தோடு எழுந்தார். நடுவர்கள் மிச்ச விநாடிகளை ஆடவிடவில்லை. எங்கள் அணியில் மூன்று பேருக்கு ஆறு ஆட்டத் தடை. அவர்கள் பக்கம் நான்கு பேருக்கு, ஒன்றிலிருந்து நான்கு ஆட்டம் வரை. மறுநாள் அம்மா போன் செய்து, "நீ படிக்கிற காலேஜிலா அடிதடி?" என்று கேட்டாள். செய்தி ஊர் வரைக்கும் போயிருந்தது.

அப்புறம் இரண்டு வருடம் ஆட்டத்தை இரண்டு வளாகத்திலும் வைக்காமல், ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த பொது அரங்குக்கு மாற்றினார்கள். 'ஷூட்அவுட்' என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'கிளாசிக்' என்று சாதுவாக ஒரு பெயர் வைத்தார்கள். நகரத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்தது 2012 டிசம்பர் ஆட்டத்தைப் பற்றி. அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு குளிர்கோட்டு. பழைய துணிக் கடையில் பதினைந்து டாலருக்கு வாங்கியது. நல்ல கனம், தொப்பியும் உண்டு, நிறம் கருநீலம். அது சேவியரின் நிறம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அரங்கு வாசலில் நின்ற வயதான பணியாளர் டிக்கெட்டைப் பார்க்காமலே எதிர்ப் பக்கம் கை காட்டினார். நானும் பேசாமல் நடந்தேன். பாதி தூரம் போன பிறகுதான் என்னைச் சுற்றிலும் ஒரே நீலமாக இருப்பது கண்ணில் பட்டது. அங்கிருந்து திரும்பி நடந்து, சிவப்பும் கறுப்புமாக இருந்த கூட்டத்துக்குள் நீலக் கோட்டோடு நுழைந்தேன். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டார் வரிசையில் மாறி உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, ஒரு சிவப்புத் துண்டைக் கோட்டின் மேல் போர்த்திவிட்டார். துண்டில் கடுகுச் சாஸ் வாசனை. பேச்சுக் கொடுத்தார். "எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு உயர்நிலைப் பள்ளி என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது. பட்டப்படிப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "செயின்ட் சேவியர்ஸ்" என்றேன்.

நான் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி. அவர் நினைத்துக்கொண்டது இங்கேயே இருக்கிற செயின்ட் சேவியர் உயர்நிலைப் பள்ளியை. சேவியர் பல்கலைக்கழகமும் அதுவும் ஒரே வேரில் முளைத்தவை. அவர் கை துண்டின் மேலேயே நின்றது, திரும்பப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். எங்கள் ஊர், 1923-இல் இயேசு சபையார் தொடங்கிய கல்லூரி, 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மணப்பாடு என்று ஃப்ரீ த்ரோ போடுகிற இடைவெளிகளில் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். "இந்தியாவிலும் இவர்களா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நார்வுட் அக்கா:

தம்பி, நீ பதினைந்து டாலர் கோட்டில் மாட்டிக்கொண்டாய். நான் கல்யாணத்திலேயே மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் யூசியில் முனைவர் பட்டம். நான் பிள்ளை பிறந்த பிறகு சேவியரில் மாலை வகுப்பில் எம்.பி.ஏ. படித்தேன், வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்ற ஒரே காரணத்துக்காக. படித்து முடிப்பதற்குள் எனக்கும் நீல ரத்தம் ஏறிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம். எந்தப் பக்கம் தோற்கிறதோ, அந்த ஆள் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும். 2019-இலிருந்து 2023 வரை ஐந்து ஆட்டமும் சேவியர்தான். 2020-இல் கொரோனாவால் கிட்டத்தட்டக் காலியான அரங்கில் ஆடினார்கள், அதிலும் நாங்கள்தான். ஐந்து டிசம்பரிலும் ஒரு வாரம் நான் சிங்க் பக்கம் திரும்பவில்லை. 2024 டிசம்பர் 14 அன்று 68-65 என்று யூசி ஜெயித்ததும் மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், மேலே இருந்த இட்லிக் குண்டானை இறக்கி அரிசி ஊறப் போட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லி, பொங்கல், அடிப்பிடித்த பால். வேண்டுமென்றே செய்தது.

2023-இல் பையனைச் சேவியரின் சிண்டாஸ் அரங்குக்கு அழைத்துப் போனேன். பத்தாயிரம் பேர் கொள்ளும் இடம், ஆனால் கூரை தாழ்வு போல ஒரு பிரமை. சத்தம் மேலே போகாமல் நம் தலையிலேயே விழும். சேவியருக்கு இரண்டு உருவப் பொம்மைகள். ஒன்று மீசை வைத்த வாள்வீரன். அதைப் பார்த்துக் குழந்தைகள் பயந்ததால் 1985-இல் 'புளூ பிளாப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்களாம். பெரிய நீல மயிர் மூட்டை, இரண்டு கண், வெளியே தொங்குகிற நாக்கு. என் பையன் மீசைக்காரனோடு சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். நீல மூட்டை கிட்டே வந்ததும் வீறிட்டு அழுதவன் இடைவேளைக்குப் பிறகும் நிறுத்தவில்லை. 84-79 என்று ஜெயித்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை நான் கழிப்பறை நடைபாதையில் நின்று, கூட்டத்தின் சத்தத்தை வைத்தே ஊகித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்டால் பையன் இன்றைக்கும் அப்பா கட்சி. அந்த மூட்டைதான் காரணம் என்பது என் சந்தேகம்.

தொண்ணூறுகளின் ஆள்:

2011 சண்டையைத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். நான் 1993-இல் வந்தவன். 1994 ஆட்டம் முடிந்து இரண்டு பயிற்சியாளர்களும் கைகுலுக்காமல் போனதற்கே ஊர் மாதக்கணக்கில் பேசியது. யூசிக்கு பாப் ஹக்கின்ஸ், சேவியருக்கு பீட் கில்லன். ஆக, பகை புதிதில்லை.

ஆனால் எனக்கு ஷூட்அவுட் என்றால் 1996 நவம்பர் 26தான். அந்த வாரம் யூசி நாட்டிலேயே முதலிடம். சேவியர் தரவரிசைப் பட்டியலிலேயே இல்லை. ஆட்டமும் யூசியின் சொந்த அரங்கில். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த சேவியர்காரர் ஒருவரிடம், தோற்றவர் மதியச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டியிருந்தேன். சும்மா கிடைக்கிற சாப்பாடு என்று நினைப்பு. இரவு வேலை முடிந்து காரில் ரேடியோவில் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதால் வீட்டு வாசலுக்கு வந்தும் இறங்க மனமில்லை. ஹீட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். 69-69. கடைசி பந்து லெனி பிரவுன் கையில். வர்ணனையாளர் கத்தியதும் பஸ்ஸர் ஒலித்ததும் ஒரே நேரத்தில். பந்து விழுந்ததா இல்லையா என்று புரிய எனக்குச் சில விநாடி ஆனது. 71-69, சேவியர். மனைவி கதவைத் திறந்து, "பெட்ரோல் என்ன சும்மா வருகிறதா?" என்றாள்.

மூன்று வருடம் கழித்து 1999 டிசம்பரிலும் அதே கதை. கென்யன் மார்ட்டின் ஆடிய யூசி முதலிடத்தில், சேவியர் 66-64 என்று சாய்த்தது. இந்த முறை நான் சின்சினாட்டி கார்டன்ஸ் அரங்கில் நேரில் இருந்தேன். சிமென்ட் வாடை அடிக்கிற, 1949-இல் கட்டிய பழைய கட்டடம். 2018-இல் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் பார்வை அந்த இடத்தைத் தேடுகிறது.

யூசிக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார்கள்: 1961, 1962. அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம், இரண்டு முறையும் இறுதியில் வீழ்ந்தது ஓஹையோ ஸ்டேட். இதில் ஒரு வேடிக்கை. யூசி தந்த ஆகப் பெரிய ஆட்டக்காரர் ஆஸ்கர் ராபர்ட்சன் 1960-இலேயே படிப்பு முடிந்து போய்விட்டார். அவர் போன மறு வருடம்தான் பட்டம் வந்தது. சேவியர் இன்று வரை தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள்கூட வந்ததில்லை. இதைச் சொல்லாமல் அவர்களோடு வாதத்தை முடிக்கவே முடியாது. நார்வுட் அக்கா மன்னிக்கவும்.

பந்தயச் சாப்பாடு என்ன என்று கேட்பீர்கள். ஸ்கைலைன் சில்லிதான். 1949-இல் ஒரு கிரேக்கக் குடும்பம் தொடங்கிய கடை. அந்தக் கடையின் பெயரை இப்போது ஆட்டத்தின் பெயருக்கு முன்னாலேயே சேர்த்துவிட்டார்கள். வேகவைத்த ஸ்பகெட்டி மேல் பட்டை வாசனை அடிக்கிற கறிக் குழம்பு, அதன் மேல் மலை மாதிரி துருவிய சீஸ். தோற்ற என் காசில் அந்தச் சேவியர்காரர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

புதிதாக வருபவன்:

அண்ணே, அக்கா, என் தம்பிக்கு யூசியில் இடம் கிடைத்திருக்கிறது. டிசம்பர் ஆட்டத்துக்குப் போகப் போகிறான். நீலம் கூடாது என்று புரிந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு நல்ல ஜாக்கெட் பார்த்து வைத்திருக்கிறோம், வாங்கலாமா?

பாளையங்கோட்டைக்காரன்:

வாங்காதீர்கள். அதுவும் அவர்கள் நிறம்தான். கறுப்பு வாங்குங்கள், அளவு கொஞ்சம் பெரியதாக. உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும்.