டீக்கன் பிரதர் எங்கள் வீட்டுக்கு வந்த இரவு

எங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கத்தோலிக்கப் பங்குக் கோவிலிலிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள ஒரு கிளைக்கிராமம். குருமடப் படிப்பின் இறுதியில் திருத்தொண்டராக (டீக்கன்) அருள்பொழிவு பெற்ற இளைஞர் ஒருவர், குருப்பட்டத்துக்கு முந்தைய மாதங்களை எங்கள் பங்கில் கழித்தார். எல்லோருக்கும் அவர் ‘டீக்கன் பிரதர்’. என் சித்தப்பாவுக்கு மட்டும், அவர் காதில் விழாதபடி, ‘அரைச்சாமியார்’. நானும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாங்காய்ப் பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, பாட்டிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பங்குத்தந்தை தருமபுரி ஆயர் இல்லத்துக்குப் போயிருந்தார். (1997இல் சேலத்திலிருந்து பிரிந்த எங்கள் மறைமாவட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கியது, குருக்களுக்குப் பயணமே பாதி வேலை.) ஊரில் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் டீக்கன் பிரதரை வண்டியில் அழைத்துவந்தார். “அவஸ்தை பூசிவிடுங்கள், பிரதர்” என்று அம்மா வாசலிலேயே கெஞ்சினார்.

“அதைக் குருக்கள்தாம் கொடுக்க முடியும், அம்மா” என்றார் அவர். நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் இந்த நோயில்பூசுதலில் பாவமன்னிப்பும் அடங்கியிருப்பதால், பாவசங்கீர்த்தனம் எனப்படும் ஒப்புரவைப் போலவே அதுவும் குருக்களுக்கு உரியது என்பதை நான் அப்போது அறியேன். “பிறகு எதற்கு வந்தாராம்?” என்று சித்தப்பா முணுமுணுத்தது அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

பக்கத்துப் பங்குக் குருவைக் கைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, டீக்கன் பிரதர் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காக ஸ்டோல் என்னும் நீண்ட துணிப்பட்டையை அணிந்துகொண்டு, கட்டிலருகே மண்டியிட்டார். சட்டைப்பையிலிருந்த சிறு சிமிழைத் திறந்து, நற்கருணை அப்பத்தில் மிளகளவு பிட்டு, ஒரு கரண்டி நீரோடு பாட்டியின் வாயில் வைத்தார். விழுங்கி முடிக்கும்வரை பாட்டியின் தாடையைத் தம் உள்ளங்கையில் தாங்கியிருந்தார்.

பக்கத்துப் பங்குக் குரு இரவில் வந்து பூசினார். விடியலில் பாட்டி இறந்தார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிகளை விட்டு எந்தக் குருவாலும் வர இயலவில்லை, வெயிலிலோ உடலை வைத்திருக்க முடியாது. திருப்பலி நிறைவேற்றத்தான் திருத்தொண்டருக்கு உரிமையில்லை; நற்செய்தி வாசிக்கவும், மறையுரை ஆற்றவும், திருமுழுக்குக் கொடுக்கவும், அடக்கச் சடங்கு நடத்தவும் உண்டு. அதனால் அடக்கத்தை டீக்கன் பிரதரே நடத்தினார். அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டின் பேரில்தான் திருத்தூதர்கள், முதல் திருத்தொண்டர்களாகக் கருதப்படும் எழுவரை ஏற்படுத்தினார்கள் என்று, கைம்பெண்ணாகவே முதுமை கண்ட பாட்டியின் உடலருகே நின்று அவர் சொன்னார்.

குழி மூடியதும் அவர் கைகழுவச் சொம்பில் நீர் ஊற்றியவர் சித்தப்பா. டீக்கன் பிரதர் குருவாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சித்தப்பா இன்றும் அவரை ‘நம்ம டீக்கன்’ என்றே குறிப்பிடுகிறார்.