புள்ளிக்குத்தான் எண், எழுத்துக்கு இல்லை: பிரெய்ல் குறிகளோடு பட்ட பாடு

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லைக் கணினியில் கையாளப் போய்த் திண்டாடிய கதை உங்களிடமும் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன், உங்களுடையதைக் கீழே மறுமொழியாக எழுதுங்கள்.

பார்வையற்ற நண்பர் ஒருவருக்குப் பிறந்தநாள். தமிழ் வாழ்த்தை ஒரு மாற்றியில் போட்டு, வந்த புள்ளிக் குறிகளை அப்படியே அனுப்பினேன். அசத்திவிட்டதாக நினைப்பு. அவர் கூப்பிட்டுச் சிரித்தார்: "என்னடா அனுப்பின? ஃபோன் புள்ளி 2345, புள்ளி 134னு வாய்ப்பாடு ஒப்பிக்குது!"

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத்தரம்தான் யூனிகோட். 1999இல் வந்த அதன் 3.0 பதிப்பு, பிரெய்லுக்கு 10240 முதல் 10495 வரை 256 இடங்களை ஒதுக்கியது. அவை எழுத்துகள் அல்ல, புள்ளி வடிவங்கள் மட்டுமே. ஒரு கட்டத்தில் 1 முதல் 8 வரையுள்ள புள்ளிகளுக்கு வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 128 வரை மதிப்பு. எந்தப் புள்ளிகள் எழும்பியிருக்கின்றனவோ அவற்றின் மதிப்பைக் கூட்டி 10240உடன் சேர்த்தால் குறியீட்டு எண். 2, 3, 4, 5 என்றால் 2+4+8+16, அதாவது 30, ஆக 10270. தமிழ் பிரெய்லில் அது 'த', ஆங்கிலத்தில் 'டி'. எந்த மொழி என்று அந்த எண்ணுக்குத் தெரியாது, பாவம், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு எப்படித் தெரியும்? சாதாரணத் தமிழில் அனுப்பியிருந்தால் புள்ளிகளை எழுப்பிக் காட்டும் அவருடைய பிரெய்ல் டிஸ்பிளே கருவி தானே மாற்றிக் காட்டியிருக்கும்.

* * *

உங்களுக்கு அது, எனக்கு வந்தது வேறு சோதனை. பிரெய்லில் அச்சிடத் தயாரான பிஆர்எஃப் என்ற வகைக் கோப்பு ஒன்றைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அதில் யூனிகோட் பிரெய்லே இல்லை. வழக்கமான ஆறு புள்ளி பிரெய்லில் வரும் 64 வடிவங்களுக்கும், ஆங்கில எழுத்து, எண், நிறுத்தற்குறி அடங்கிய பழைய ஆஸ்கி குறிகளையே பயன்படுத்தும் ஏற்பாடு. 'தமிழ்' என்ற சொல் டி, எம், ஐ, ஒரு @, ஒரு திறந்த பிறை அடைப்பு என்று கிடந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து, மூடாத அடைப்புகளையெல்லாம் 'திருத்தி' வைத்தேன். நான் மூடிய ஒவ்வோர் அடைப்பும் தாளில் ஐந்து புள்ளியாக எழும்பி நின்றது. அதற்கப்புறம் அந்த வேலையை என்னிடம் யாரும் தருவதில்லை.

* * *

நிரல் எழுதுகிறவன் என்பதால் ஒன்று. 10240 என்பது புள்ளியே இல்லாத வெற்றுக் கட்டம். பார்க்க இடைவெளி போலவே இருக்கும், ஆனால் யூனிகோட் அதை இடைவெளி வகையில் சேர்க்கவில்லை. என் பதிவுப் படிவத்தில் பெயருக்கான இடத்தில் ஒருவர் அதை மட்டும் ஒட்டிப் பதிவு செய்திருந்தார். 'காலியாக விடக்கூடாது' என்ற என் சோதனை அதை மரியாதையோடு உள்ளே விட்டது. பெயரே இல்லாத அந்தப் பயனரைத் தேடிப்பிடிக்க அரை நாள்.

* * *

முதலில் எழுதியவருக்கு: வாழ்த்துக்கு அது உதவாது, சரி. ஆனால் பிரெய்ல் பிழைதிருத்துகிற எனக்கு யூனிகோட் குறிகள்தான் கைகொடுக்கின்றன. எந்தப் புள்ளி எழும்புகிறது என்பதில் ஐயமே வராது, அடைப்புக்குறி அவதியும் இல்லை.

போன மாதம் பார்வையுள்ள ஒருவர் ஆறு விசைகளில் தட்டித் தந்த பக்கம் வந்தது. எஃப், டி, எஸ் விசைகள் 1, 2, 3ஆம் புள்ளிகளுக்கு, ஜே, கே, எல் விசைகள் 4, 5, 6க்கு. தட்டியதெல்லாம் சுத்தம், ஆனால் வாசித்தால் ஏதோ புது மொழி. விஷயம் மெய்ப்புள்ளி. கணினித் தமிழில் எழுத்துக்குப் பிறகு புள்ளி வரும். தமிழ் பிரெய்லில் 4ஆம் புள்ளி மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். அவர் பழக்கத்தில் பின்னால் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். புள்ளியெல்லாம் அடுத்த எழுத்தின் தலையில் ஏறி, 'பட்டம்' என்பது 'படட்ம' ஆகி, கடைசியில் ஒரு புள்ளி அநாதையாக நின்றது. இருபத்திரண்டு வரி, எல்லாவற்றையும் கையால் நகர்த்தினேன்.