2013 மே 13 இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஸ்காபரோவிலிருந்து:

ரொறன்ரோவில் இருந்தவர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். எங்கள் ஐஸ் ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ், பொஸ்ரனில் நடந்த ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவதும் கடைசியுமான பீரியடில் 4–1 என்று முன்னால் நின்றுவிட்டு 5–4 என்று தோற்ற இரவு. எங்கள் ஆட்கள் அன்று எங்கே, யாரோடு பார்த்தீர்கள் என்று அறிய ஆசை. என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

நான் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வீட்டில் கிரிக்கெட்தான். ஹொக்கி பள்ளிக்கூடத்துப் பெடியள் கதைக்கும் விஷயம், அவ்வளவுதான். என்னை உள்ளே இழுத்தது அந்த 2013 சீசன். முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளப் பிணக்கால் அக்டோபரில் தொடங்க வேண்டிய சீசன் ஜனவரி 19இல்தான் தொடங்கியது. 82 ஆட்டம் 48ஆகச் சுருங்கியது. தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னர் மேலாளர் பிரையன் பேர்க்கை வேலையிலிருந்து தூக்கினார்கள். 2004க்குப் பிறகு, ஸ்ரான்லி கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுகள் பக்கமே போகாத அணி. இந்த வருடம் போகும் என்று என் வேலைத்தலத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் போனார்கள். 26 வெற்றி, 57 புள்ளி, கிழக்குப் பிரிவில் ஐந்தாம் இடம். ஏப்ரல் 20, ஒட்டாவாவில் 4–1 என்று வென்று இடத்தை உறுதிசெய்த இரவு, வலை காக்கும் கோலி ஜேம்ஸ் ரைமர் 49 அடிகளைத் தடுத்தார். மறுநாள் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஏதோ தங்கள் வீட்டில் கல்யாணம் போல முகத்தை வைத்திருந்தார்கள்.

முதல் சுற்றில் பொஸ்ரன். ஏழு ஆட்டத்தில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்கு. முதல் நான்கு ஆட்டம் முடிய 3–1 என்று பின்னுக்கு நின்றோம். அப்புறம் ஐந்தாவதை அங்கே போய் 2–1, ஆறாவதை இங்கே 2–1. ஆறாவது ஆட்டம் அன்னையர் தினத்தில் விழுந்தது. அம்மா புட்டு அவித்துக்கொண்டே நின்று பார்த்தார். கடைசி நிமிடங்களில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

ஏழாவது ஆட்டத்துக்கு நான் டவுண்டவுன் போனேன். ஆட்டம் பொஸ்ரனில் என்றாலும் எங்கள் அரங்கின் வெளிச்சுவரிலுள்ள பெரிய திரைக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் சனம். கொஞ்சம் தெற்கே கார்டினர் நெடுஞ்சாலை தெரியும். 2009 மே 10, அதுவும் ஓர் அன்னையர் தினம், வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சாலையில் ஏறி மறித்து இருந்தவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். ஒன்றை மற்றதோடு ஒப்பிட வரவில்லை, ஒப்பிடவும் முடியாது. ஆனால் அந்தப் பக்கம் மறுபடி ஒரு கூட்டத்துக்குள் போய் நிற்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது. அதனால் சொல்கிறேன்.

கோடி ஃபிரான்சன் இரண்டு, கெஸல் ஒன்று, மூன்றாவது பீரியடில் ஐந்து நிமிடம் தாண்டியதும் கட்ரி ஒன்று. 4–1. பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், என்னைத் தூக்கியே விட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு பொஸ்ரனின் ஹோர்ட்டன் ஒன்று போட்டார், 4–2. பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம். கவலைப்படவில்லை. பொஸ்ரன் கோலியை வெளியே எடுத்து ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. 1 நிமிடம் 22 விநாடி மிச்சமிருக்க லூச்சிச் அடித்தார். 51 விநாடி மிச்சமிருக்க பேர்ஜெரோன். நடுவில் 31 விநாடி. அந்த 31 விநாடியில் சதுக்கத்தில் எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. கத்தல் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி.

4–4. முதல் கோல் போடுபவர் வெல்லும் ஓவர்ரைமில் ஆறாவது நிமிடம் தாண்டியதும் மறுபடி பேர்ஜெரோன். மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். யூனியனிலிருந்து கெனடி வரை சப்வே முழுக்க நீலச் சட்டை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பொடியன் தகப்பனின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தான். தகப்பன் அவன் முதுகைத் தடவியபடியே இருந்தார்.

—

மிசிசாகாவிலிருந்து:

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தேன், மாலை மூன்றிலிருந்து பதினொன்று வரை. என் பகுதியில் எண்பது தாண்டிய ஒரு ஐயா இருந்தார். கால் நடக்காது. நினைவு மட்டும் கத்தி மாதிரி.

1967இல் லீஃப்ஸ் கடைசியாகக் கிண்ணம் வென்ற ஆட்டத்தை மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் உள்ளே இருந்து பார்த்தவர். அப்போது லீக்கிலேயே ஆறு அணிதான் என்பார். மொன்றியல் கோலியை வெளியே எடுத்திருந்த நேரம் காப்டன் ஜோர்ஜ் ஆர்ம்ஸ்ட்ரோங் வெறும் வலைக்குள் கடைசி கோலைத் தள்ளியதை, போர்வையில் விரலால் கோடு போட்டு, எங்கே நின்றார், எப்படி பக் என்ற அந்த ரப்பர் வட்டு உருண்டது என்று காட்டுவார். மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பாடம். ஐசிங் என்றால் என்ன, ஓஃப்சைட் என்றால் என்ன, எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான்.

அன்று அவருடைய அறையில் ரீவி போட்டுக் கொடுத்திருந்தேன். போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். 4–1 ஆனதும் என்னைக் கூப்பிட்டார். "இனிப் போதும். நிற்பாட்டு. நான் சந்தோஷமாகத் தூங்கப் போகிறேன்" என்றார். நான் ரீவியை நிற்பாட்டி, தலையணையைச் சரிசெய்து, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். பத்து மணியளவில் தாதிமார் மேசைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கேட்டேன். தெரிந்ததும் முதலில் அவருடைய கதவைத்தான் பார்த்தேன்.

அன்று வேலை முடிந்த பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. இரவு வேலைக்கு ஒருவர் வராததால் காலை வரை நின்றேன். ஆறரைக்கு அவருக்கு முகம் துடைக்கப் போனபோது, வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தமிழில் நான்கு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"ஓவர்ரைமா?"

"ஓம்."

"யார்?"

"பேர்ஜெரோன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "நல்ல ஆட்டக்காரன்" என்றார். சவரம் செய்யட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நுரை பூசும்போது கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. துண்டால் ஒற்றிவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் போய்விட்டார்.

—

மார்க்கத்திலிருந்து:

தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு உடனே எழுத முடியவில்லை. ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் அன்று டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். வானொலியில்தான் கேட்டேன். 4–1இல் கிங் வீதியில் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், நானும் அடித்தேன். ஓவர்ரைம் தொடங்கியபோது ஒரு சவாரியை இறக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. மீற்றரை நிற்பாட்டிவிட்டு இருவரும் தெருவோரம் இருந்து கேட்டோம். முடிந்ததும் காசைத் தந்து, என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரவுக்கு ரைமரைக் குற்றம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சமப்படுத்திய கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பொஸ்ரனின் ஆறடி ஒன்பது அங்குல சாரா வலைக்கு முன்னால் மதில் மாதிரி நிற்கிறார். பக் எங்கிருந்து வருகிறது என்று கோலிக்குத் தெரிய வழியே இல்லை. அவரை அங்கிருந்து தள்ள ஒருவரும் போகவில்லை. அந்தத் தொடர் ஏழாவது ஆட்டம் வரை வந்ததே ரைமரால். ஐந்தாவது ஆட்டத்தில் 43 தடுத்தார்.

அந்த சீசன் முழுக்கவே அப்படித்தான். எதிரணி எப்போதும் எங்களைவிட அதிகமாக அடிக்கும். நாங்கள் கொஞ்சமாக அடித்து, அடித்ததில் அசாதாரணமாக அதிகம் கோலாகும், மிச்சத்தை ரைமர் பார்த்துக்கொள்வார். கணக்குப் பார்க்கிறவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். 48 ஆட்டத்தில் அது தாங்கியது. அடுத்த வருடம் 82 ஆட்டம் ஆடியபோது மார்ச்சில் தொடர்ந்து எட்டுத் தோல்வி, பிளேஓஃபும் இல்லை. ஆகவே 2013இல் கிடைத்தது நல்ல அணி என்று நான் சொல்ல மாட்டேன். நெஞ்சுரம் இருந்த அணி. எனக்கு அது போதுமாயிருந்தது.

கெஸல் விஷயமும் இருக்கிறது. 2009இல் அவரைப் பொஸ்ரனிடமிருந்து எடுக்க இளம் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் எங்கள் முறைகளில் இரண்டு முதற்சுற்றுத் தெரிவும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவும் கொடுத்தோம். அதில் வந்தவர்கள்தான் செகினும் ஹமில்ட்டனும். இருவரும் அந்தத் தொடரில் எங்களுக்கு எதிராக ஆடினார்கள். பொஸ்ரன் அரங்கில் "நன்றி கெஸல்" என்று கத்துவார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அந்த மனிதர் ஏழாவது ஆட்டத்தில் கோல் போட்டார்.

—

ஏஜாக்ஸிலிருந்து:

எங்கள் வீட்டில் அந்த சீசன் என்றால் நஸீம் கட்ரிதான். 48 ஆட்டத்தில் 44 புள்ளி. லெபனான் குடும்பம், ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துப் பிள்ளை. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் அவனுடைய பெயரை ஆசிரியர்கள் மூன்று விதமாகச் சொல்வார்கள். நஸீம் என்று ஒரு பெயரை அரங்கம் முழுக்கச் சரியாகக் கத்துவதை அவன் ரீவியில் வாயைத் திறந்தபடி பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த கிழமையே ஹொக்கிக்குச் சேர்க்கச் சொல்லி அடம்.

காலணி எல்லாம் பழையது வாங்கினோம். ஸ்கேற் கயிறு கட்டுவது எனக்குத் தெரியாது. விடிய ஆறு மணிக்கு, பனி அரங்கின் உடைமாற்றும் அறையில், குந்தியிருந்து ஒவ்வொரு துளையாக இழுத்து இழுத்து விரல் சிவந்துவிடும். பக்கத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தன்னுடைய கொக்கியைத் தந்து, கணுக்காலில் இறுக்கமாக, விரல் பக்கம் தளர்வாக என்று காட்டினார். அந்தக் கொக்கியை அவர் திருப்பி வாங்கவில்லை. இப்போதும் சாவிக்கொத்தில் கிடக்கிறது.

ஏழாவது ஆட்டம் முடிய மகனைத் தூங்கவைக்க முடியவில்லை. "கட்ரி கோல் போட்டவர்தானே அப்பா, பிறகு ஏன் தோற்றது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

கட்ரி 2022இல் கொலராடோவோடு கிண்ணம் வென்றார். அதில் பெயர் பொறிக்கப்பட்ட முதல் முஸ்லிம். அந்தக் கோடையில் கிண்ணத்தை லண்டனிலுள்ள பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். முந்தைய வருடம்தான் அந்த ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் நான்கு பேரை ஒருவன் வாகனத்தால் மோதிக் கொன்றிருந்தான். மகனுக்கு அப்போது பதினேழு. செய்தியைக் கைப்பேசியில் எனக்குக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்விட்டான்.

—

மொன்றியலிலிருந்து:

நான் எதிர்க்கட்சி, மொன்றியல் அணியின் ஆள். என்றாலும் ஒரு தகவல். அந்த 2013 அணியில் ஆடிய போசாக்கும் குன்னார்சனும் 2019இல் செயின்ட் லூயிஸோடு கிண்ணம் வென்றார்கள். யாரைத் தோற்கடித்து? பொஸ்ரனை. பொஸ்ரன் அரங்கில். ஏழாவது ஆட்டத்தில்.

இன்னொன்று. 2013இல் உங்களை வென்ற பொஸ்ரன் இறுதி வரை போய், ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் 17 விநாடிக்குள் இரண்டு கோல் வாங்கிச் சிக்காகோவிடம் கிண்ணத்தை இழந்தது. அன்று எனக்கு ரொறன்ரோ நண்பனிடமிருந்து தொலைபேசி வந்தது. இருவரும் அதிகம் கதைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

முதலில் எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி: அன்று போட்டிருந்த ஜேர்சி இன்னும் இருக்கிறதா?

—

ஸ்காபரோவிலிருந்து:

இருக்கிறது தம்பி. பிறகு 2018, 2019, 2024 என்று மூன்று தரம் ஏழாவது ஆட்டத்தில் அதே பொஸ்ரனிடம் தோற்றபோதும் அதைத்தான் போட்டிருந்தேன். இடையில் 2023இல் மட்டும் மகள் வாங்கிப் போட்டாள், முழங்கால் வரை தொங்கியது. தம்பா பேயோடு ஆறாவது ஆட்டம், ஓவர்ரைமில் எங்கள் தவாரெஸ் அடித்தார். 19 வருடத்துக்குப் பிறகு ஒரு சுற்று வென்றோம். அம்மா படியிறங்கி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னதும் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களோடு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரரும் வாசலில்தான் நின்றார். நான்கு பேரும் கையைத் தூக்கிக் கத்தினோம்.